மறு: நெஞ்சு நாளத்திலை வாற அனியூரிசத்துக்கு என்ன சொல் வைப்பம்?

வவுனியா அண்ணை, கோவிக்காதேங்கோ, அனியூரிசத்துக்கு, அதாவது நாளத்தின்ரை (இதயத்துக்கு ரத்தம் திரும்பக் கொண்டுவாற குழாய்) சுவர் மெலிஞ்சு புடைக்கிறதுக்கு, நீங்கள் போட்ட "குருதிக்குழாய்க் கட்டி" எனக்குச் சரியாப் படேல்லை. எங்கடை கிளிநொச்சிப் பக்கம் கட்டி எண்டால் சனத்துக்கு நேரே கான்சர்தான். மாங்குளத்திலையிருந்து ஒரு அம்மா ஸ்கான் ரிப்போட்டை மஞ்சள் என்வலப்போட நெஞ்சிலை அணைச்சுக்கொண்டு வந்து, "தம்பி, எத்தினை மாசம் இருப்பன்?" எண்டு கேட்டவ. எடுத்துப் பாத்தால் மேற்பெருநாளம் (மேலுடம்பு ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவாற பெரிய நாளம்) ஒரு இடத்திலை சுவர் மெலிஞ்சு புடைச்சு நிக்குது, அவ்வளவுதான், பெருகி வளருற கலம் எண்டு அதுக்குள்ளை ஒண்டுமில்லை.

உண்மையிலை கட்டி எண்டு சொல்லவேண்டியது ஹீமாஞ்சியோமா, ஆஞ்சியோசார்க்கோமா மாதிரி ரத்தக்குழாய்க் கலங்கள் பெருகி வளருறதுகளை. அதுகளுக்கு "குருதிக்கலன் கட்டி" எண்டு வைப்பம், நடுநெஞ்சிலை (ரெண்டு நுரையீரலுக்கும் இடையிலை) வாற கட்டியளிலை ஹீமாஞ்சியோமா 0.5 வீதத்துக்கும் குறைவு. ஆனா எக்ஸ்றேயிலை ரெண்டுமே நடுநெஞ்சு அகண்டமாதிரி ஒரு நிழலாத்தான் தெரியும், அங்கைதான் குழப்பமே துவங்குது. புடைப்பைக் கட்டி எண்டு நினைச்சு ஊசி குத்தித் துண்டு எடுக்கப் போனால் ரத்தம் பெருகிப்போடும். மருந்து ஏத்திச் சீ.ரி. (CT) ஸ்கான் எடுத்தால் பக்கத்து நாளத்தோட சேந்து புடைப்பும் வெள்ளையா நிரம்பும், மூச்சைப் பிடிச்சு முக்கச் சொன்னால் கொஞ்சம் பெருக்கும், விட்டால் திரும்ப ஒடுங்கும்.

அதாலை என்ரை சொல் "நாளப்புடைப்பு". வீக்கம் வேண்டாம், கால் வீங்கினாலும் வீக்கம்தானே. ஒரு சிக்கல் இருக்கு, எங்களுக்கு நாடி, நாளம் எண்டது தமிழ்நாட்டிலை தமனி, சிரை. அங்கை "ரத்தநாளம்" எண்டால் எல்லாக் குழாயும் அடங்கும், "நாளப்புடைப்பு" எண்டு வாசிச்சுப்போட்டு பெருநாடியிலை (இதயத்திலையிருந்து ரத்தம் வெளிக்கிடுற பெரிய நாடி) வாறதையும் இதையும் ஒண்டாக்கிப்போடுவினம். பெருநாடியிலை அழுத்தம் கூட, வெடிக்கிற பயம் பெரிசு, நாளத்திலை அழுத்தம் குறைவு, கன பேருக்கு ஒரு குணங்குறியும் இல்லாமலே கிடக்கும்.

அசைகஸ் நாளத்துக்கும் (முதுகெலும்பை ஒட்டி ஏறி மேற்பெருநாளத்திலை சேருறது) ஒரு தமிழ்ச்சொல் வேணும். சோடி இல்லாதது எண்டுதான் பேரின்ரை கருத்து, "இணையிலி நாளம்" எண்டு பாத்தன், ஏதோ பட்டம் குடுத்தமாதிரிக் கிடக்கு 🙂 "ஒற்றை நாளம்" எப்பிடி?

— — —

தம்பி, வவுனியா அண்ணைதான், நாளப்புடைப்புக்கு நானும் சம்மதம். தமிழ்நாட்டு ஆக்களுக்காண்டி முதல்தரம் வாற இடத்திலை "சிரைப்புடைப்பு" எண்டும் சேர்த்து எழுதிவிடுவம். வடிவத்தையும் பிரிக்கவேணும், பை மாதிரித் தள்ளி நிக்கிறது "பைப்புடைப்பு", நீளவாக்கிலை விரிஞ்சது "நீள்புடைப்பு". ரெண்டாவதை அனேகமா வெட்டாமல் ஸ்கானிலை பாத்துக்கொண்டிருப்பினம். பைக்குள்ளை ரத்தம் தேங்கி உறைஞ்சு, அது கழண்டு நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. அதை "உறைகட்டி" எண்டு மட்டும் எழுதிப்போடாதையும், "உறைவு" போதும்.

ஒற்றை நாளம் வேண்டாம், அரைவாசிப்பேர் ஒற்றைத் தலையிடி எண்டு நினைப்பினம். "தனிநாளம்" எண்டு போடும், வேறை ஆரும் நல்லதாச் சொன்னால் மாத்துவம்.