காலேஜ் சர்வே நிரப்பின அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

கொங்குப் பொறியாளன்

நோ டியூஸ் வாங்கப் போன அன்று நடந்தது இன்னும் உறுத்துகிறது. எக்ஸிட் சர்வே தெரியும்தானே, பொறியியல் படிப்புகளுக்குத் தரும் என்.பி.ஏ. அங்கீகாரத்துக்காகக் கடைசி செமஸ்டரில் நிரப்பச் சொல்வார்களே, படித்து முடிப்பவருக்கு இருக்க வேண்டிய திறன்கள், அப்போது பி.ஓ.1 முதல் பி.ஓ.12 வரை இருந்தன, ஒவ்வொன்றிலும் எவ்வளவு தேறினாய் என்று, அதுதான். லைப்ரரி, ஹாஸ்டல், லேப் எல்லாம் கையெழுத்து ஆகிவிட்டது, டிபார்ட்மென்ட் சீல் மட்டும் பாக்கி. சர்வேயைக் கொடுத்தால்தான் சீல் என்றார்கள். சரி என்று உட்கார்ந்து யோசித்தே நிரப்பினேன். நவீன கருவிகளைக் கையாளும் திறனுக்கு ஒன்று போட்டேன், எங்கள் லேபில் பாதி சிஸ்டம் ஆன் ஆகாது. வாங்கிப் பார்த்தவர் கோபப்படவே இல்லை. டிராயரைத் திறந்து புதுத் தாள் ஒன்றை நீட்டினார். "தம்பி, எல்லாத்துலயும் மூணு போட்டுக் குடுத்துருங்க, இல்லீன்னா ஆவரேஜ் எறங்கிப் போயிரும்."

மூன்றுதான் அதிகபட்சம். வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தேன். பி.ஓ.8 தொழில் அறநெறி. அதற்கும் மூன்று. சீல் விழுந்தது.

மலர் பி.காம்.

உங்களுக்காவது ஒரு தாள். எங்கள் காலேஜுக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வந்தபோது அந்த மாணவர் திருப்தி சர்வேக்கு மாடல் எக்ஸாம் வைத்தார்கள், நம்புங்கள், முந்தைய வாரமே கேள்விகளை போர்டில் எழுதிப் போட்டு! அப்புறம் நிஜ மெயில் வந்ததும் வகுப்போடு கம்ப்யூட்டர் லேபுக்கு. முதல் கேள்வியே சிலபஸ் எவ்வளவு முடித்தார்கள் என்பது, 85 முதல் 100 சதவீதம் என்பது மேலேயே இருக்கும், கிளிக். இப்படி இருபதும் ஓடிவிட்டது. 21ஆவதில் மட்டும் நாமே எழுத வேண்டும், கற்றல் கற்பித்தலை மேம்படுத்த மூன்று யோசனைகள். "கார்ப்பரேட் அக்கவுன்டிங் பேப்பருக்கு ஒரே செமஸ்டரில் மூன்று ஆசிரியர்கள் மாறினார்கள்" என்று அடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்ற மேடம், "அதுல நத்திங்னு போட்டாப் போதும்மா" என்றார்.

அந்த மூன்றாவது ஆசிரியரே அவர்தான்.

காவிரிக்கரை வாத்தியார்

மேலே இரண்டு பேரும் எழுதியதைப் படித்தேன். நத்திங் போடச் சொன்னதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் லேபுக்கு ஏன் கூட்டிப் போகிறார்கள் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். 2017இல் நாக் தன் மதிப்பீட்டு முறையை மாற்றியபோது இந்த சர்வே வந்தது. மாணவர் பட்டியலையும் மெயில் ஐடிகளையும் நாங்கள் கொடுப்போம், மெயிலை நாக் நேரடியாக அனுப்பும். அந்த முறையில் கல்லூரி என்றால் மாணவர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், எது குறைவோ அத்தனை பேராவது பதில் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு 100க்குப் பதில் 500. அது வரவில்லையென்றால் அந்த மதிப்பெண்ணே கணக்கில் வராது. நம் பிள்ளைகளோ மெயிலைத் திறப்பதில்லை. பாதிப் பேருக்கு ஐடி உருவாக்கிக் கொடுத்தது அட்மிஷன் சமயத்தில் பிரவுசிங் சென்டர் அண்ணன், பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். நூறு பேரைத் திறக்க வைக்க நாங்கள் படும் பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

என் கதை சின்னது. மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசைக்குப் படித்து முடித்தவர்களின் மீடியன் சம்பளம் கேட்பார்கள், அதாவது வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கிறவர் வாங்குவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர்களை வரிசையாகப் போனில் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன், கல்யாண கேட்டரிங்கில் பரிமாறுகிறவன், "எந்த மாசத்துச் சம்பளம் சார் வேணும்? ஆவணியா, மார்கழியா?" என்றான். பின்னால் யாரோ ரசம் ரசம் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு என்ன கேட்பதென்றே தெரியவில்லை.

ஹரோ பிள்ளை

லண்டனில் எங்களுக்கு ஒருவரும் இதைப் போடு அதைப் போடு என்று சொல்வதில்லை, ஆனால் துரத்துவார்கள். படிப்பு முடிந்து 15 மாதத்துக்குப் பிறகு கிராஜுவேட் அவுட்கம்ஸ் சர்வே வரும். மெயில், மெசேஜ், கடைசியில் கோல். நான் பயோமெடிக்கல் படித்துவிட்டு மாமாவின் கடையில் நின்ற காலம். தெரியாத நம்பர், வேலைக்கு விண்ணப்பித்த இடமாக்கும் என்று ஓடிப்போய் எடுத்தேன். கையில் சாமான் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். குறிப்பிட்ட ஒரு கிழமையை, அதாவது வாரத்தை, சொல்லி, அந்தக் கிழமை என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று தொடங்கினா அந்தப் பிள்ளை. படித்ததைப் பயன்படுத்துகிறீர்களா என்றதுக்குத் துணிந்து இல்லை என்றிட்டன். அடுத்தது, இப்போதைய வேலை உங்கள் எதிர்காலத் திட்டத்தோடு பொருந்துகிறதா. மாமா பால் பெட்டியை இறக்கினபடி அப்படியே நின்றிட்டார். உடன்பாடும் இல்லை, மறுப்பும் இல்லை என்று ஒரு தெரிவு இருக்குதே, கடவுளே, அதைச் சொல்லிச் சமாளித்தன்.

மாமா இண்டைக்கும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

பழைய மாணவன்

எனக்குப் பெரிய அனுபவம் இல்லை, அலும்னி ஃபார்ம் ஒன்று நிரப்பினேன், மறுவாரமே கட்டிட நிதி கேட்டுப் போன் வந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கொங்குத் தம்பி அந்த முதல் தாளைப் போட்டோ எடுத்து வைத்திருக்க வேண்டும். இப்போது படிக்கிறவர்கள் கவனியுங்கள்: கூகுள் ஃபார்ம் என்றால் முதலில் மேல்வரியைப் பாருங்கள், உங்கள் மெயில் ஐடி பதிலோடு பதிவாகும் என்று இருந்தால் "பெயர் யாருக்கும் தெரியாது" என்று வகுப்பில் சொன்னதெல்லாம் சும்மா. ரோல் நம்பருக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் இருந்தாலும் அதே கதைதான். ஆசிரியர் பெயரை எழுதாதீர்கள், விஷயத்தை எழுதுங்கள்: எந்த லேப், எத்தனை சிஸ்டம், எந்த மாதத்திலிருந்து. பெயரைப் போட்டால் யார் எழுதியது என்று தேடுவார்கள், சிஸ்டம் எண்ணிக்கையைப் போட்டால் சிஸ்டத்தைப் பார்க்கவாவது வாய்ப்பு உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே எண் போட்ட பதில்களைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பது எக்செல்லில் இரண்டு நிமிட வேலை, செய்ய மனம்தான் இல்லை. வாத்தியார் ஐயா, உங்கள் துறையில் செய்கிறீர்களா?

காவிரிக்கரை வாத்தியார்

செய்தால் மிஞ்சுகிற பதில்களை வைத்து அறிக்கை எழுத முடியாது, நண்பரே.

மலர் பி.காம்.

சார், அதை விடுங்கள். அந்தக் கேட்டரிங் அண்ணாவுக்கு என்ன போட்டீர்கள்?

காவிரிக்கரை வாத்தியார்

படித்து முடித்தவர் எண்ணிக்கையில் இருக்கிறார். வேலை பெற்றவரில் சேர்க்க ஆஃபர் லெட்டர் இல்லை, மேற்படிப்பிலும் இல்லை. வேறு இடம் அந்தப் படிவத்தில் கிடையாது.

கொங்குப் பொறியாளன்

சார், அவர் குழு வெளியூருக்கு வருமா? தை மாதம் தங்கச்சி கல்யாணம், பரிமாற ஆள் கிடைப்பது பெரும்பாடாக இருக்கிறது. நம்பரை இங்கே போடாதீர்கள், அவரிடம் கேட்டுவிட்டுத் தனியாக அனுப்புங்கள்.