ஏறிவிட்டு மிதிப்பதா, மிதித்துவிட்டு ஏறுவதா: காலாங் ஆற்றோரத்தில் ஒரு மாலை

நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே மாலையில் போல்டரிங் (கயிறில்லாமல் குட்டையான செயற்கைச் சுவரில் ஏறுவது), அதன்பின் ஆற்றோரமாக சைக்கிள் என்று கிளம்புவதற்கு சிங்கப்பூரில் காலாங்கைவிடத் தோதான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. லாவெண்டர், காலாங் வட்டாரத்திலேயே போல்டரிங் ஜிம் இருக்கிறது. வெளியே வந்து சில நிமிடம் மிதித்தால் காலாங் ரிவர்சைட் பூங்கா. அங்கிருந்து காலாங் படுகையை (ஆறு அகன்று நிற்கும் நீர்ப்பரப்பு) சுற்றி விளையாட்டு மையம், தஞ்சோங் ரூ, மரினா அணைக்கட்டு என்று தண்ணீரைப் பார்த்தபடியே போகலாம்.

இந்த மாலையில் முதலில் தீர்ந்துபோவது முன்கை. கால் களைப்பதும் மூச்சு வாங்குவதும் அதற்கப்புறம்தான். சுவரில் ஹோல்டை (பிடித்து ஏறப் பதித்த பிடிமானம்) இறுக்கும் தசைகளும் பிரேக்கை இழுக்கும் தசைகளும் ஒன்றே என்பதை மறந்து திட்டம் போடுவதால்தான் பாதிப் பிரச்சினைகள் வருகின்றன. எந்த நேரத்தில் எதைச் செய்வது, எப்போது நிறுத்துவது, என்ன சாப்பிடுவது எல்லாவற்றையும் முன்கையை வைத்தே முடிவு செய்யுங்கள்.

என் வரிசை: முதலில் ஏறுதல், பிறகு சைக்கிள். நாலரைக்கு ஜிம்முக்குள் நுழைந்தால் பதினைந்து நிமிடம் உடலைச் சூடாக்க வேண்டும். தோளைச் சுழற்றுவது, மணிக்கட்டு, விரல்களை மடக்கி விரிப்பது, பிறகு ஜக் (கை முழுதாகப் பற்றும் பெரிய ஹோல்ட்) மட்டுமே உள்ள எளிய ப்ராப்ளம் (சுவரில் குறித்த ஏறும் வழி) ஐந்தாறு. குளிர்ந்த விரலோடு கிரிம்ப் (விரல்நுனி மட்டுமே பிடிக்கும் மெல்லிய விளிம்பு) பிடித்தால் மோதிர விரலின் அடிக்கணுவில் உள்ள புல்லி (எலும்போடு தசைநாணை ஒட்டிப் பிடிக்கும் வளையம்) கிழியும் வாய்ப்பு அதிகம். ‘டப்’ என்று சத்தம் கேட்டாலோ அந்த இடத்தைத் தொட்டால் வலித்தாலோ அன்றைக்கு ஏறுவது முடிந்தது. சைக்கிளும் வேண்டாம், பிரேக் இழுக்க அந்த விரல் வேண்டும்.

அதன்பின் ஒரு மணி நேரம், கூடினால் ஒன்றேகால் மணி நேரம் ஏறலாம். கடினமான ப்ராப்ளத்தில் ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு மூன்று நிமிடம் உட்கார வேண்டும். நண்பர்களோடு போகும்போது இது தானாகவே நடக்கும், ஒருவர் ஏற மற்றவர்கள் பார்ப்பார்கள். ஆனால் நாலு பேரும் ஒரே ப்ராப்ளத்தில் போட்டி போட ஆரம்பித்தால் ஓய்வு முப்பது நொடியாகச் சுருங்கிவிடும், முன்கை கல்லாகிவிடும். அப்படிக் கை ‘பம்ப்’ ஆனபின் ஏறும் ஒவ்வொரு முயற்சியும் சைக்கிளுக்கு வைத்திருந்த பலத்தைச் செலவழிக்கிறது. தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்கக் கஷ்டமாக இருந்தால் அது தாமதமான அறிகுறி. எளிதாக ஏறிய ப்ராப்ளத்தில் கை வழுக்க ஆரம்பிக்கும்போதே இறங்கிவிட வேண்டும்.

விழுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், புதிதாக வரும் நண்பருக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. சுவர் நாலு, நாலரை மீட்டர் உயரம். கயிறு கிடையாது, கீழே தடித்த மெத்தை மட்டும்தான். இரண்டு பாதமும் ஒன்றாகப் படும்படி விழுந்து, முழங்காலை மடக்கி, அப்படியே பின்பக்கம் உருண்டு படுக்க வேண்டும். கைகளை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கையை ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ போய்விடும். மெத்தை இருக்கிறது என்ற தைரியத்தில் உச்சியிலிருந்து குதிப்பதைவிட, ஜக் பிடித்துப் பாதி உயரம் இறங்கிவிட்டு விடுவது முழங்காலுக்கு நல்லது. மேலே ஒருவர் ஏறும்போது அவர் விழக்கூடிய இடத்தில் பாட்டில், போன், பிரஷ், ஆள் எதுவும் இருக்கக் கூடாது.

ஆறு மணிக்கு நிறுத்தி, கை கழுவி, வாழைப்பழமும் அரை லிட்டர் தண்ணீரும் உள்ளே போனபின் ஆறேமுக்காலுக்கு மிதிக்கத் தொடங்கினால் சரியாக இருக்கும். இங்கே ஆண்டு முழுக்கச் சூரியன் ஏழு மணியை ஒட்டியே மறைகிறது. இரவு 7 முதல் காலை 7 வரை முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். கிளம்பும்போதே போட்டுவிடுங்கள்.

* * *

பிரேக்கைப் பற்றி இன்னும் விரிவாகப் பேசலாம், ஏனென்றால் இது அஞ்சு நிமிட வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை.

பெரும்பாலான பிரேக் லீவர்களில், அது சுழலும் அச்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். 2 அல்லது 2.5 மில்லிமீட்டர் ஹெக்ஸ் சாவி போதும், சிலவற்றில் நட்சத்திரத் தலை ஸ்க்ரூடிரைவர். அதை உள்ளே திருகினால் லீவர் கைப்பிடியை நோக்கி வரும். களைத்த விரல் நீட்டிப் பிடிக்கும்போதுதான் பலமிழக்கும். பாதி மடங்கிய நிலையில் நன்றாகவே இழுக்கும். ஆள்காட்டி விரலின் முதல் கணு லீவர்மேல் சாதாரணமாகப் படியும் அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

இப்படிக் கிட்டே கொண்டுவந்தபின் ஒரு சோதனை கட்டாயம். முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். லீவர் கைப்பிடியை முட்டினால் பிரேக் முழுதாகப் பிடிக்கவில்லை என்று பொருள். கேபிள் லீவருக்குள் நுழையும் இடத்தில் உள்ள பீப்பாய் வடிவத் திருகை அரைச் சுற்று அரைச் சுற்றாக வெளியே திருகி, லீவர் பாதி தூரம் வரும்போதே பிரேக் கட்டை ரிம்மை (சக்கரத்தின் உலோக வளையம்) கவ்வும்படி செய்யுங்கள். திருகின் மறை பாதிக்கு மேல் வெளியே தெரிகிறதென்றால் அங்கே நிறுத்தி, அதை மறுபடி உள்ளே விட்டு, பிரேக்கின் பக்கம் கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி கேபிளை இழுத்துக் கட்ட வேண்டும். அதற்குப் பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் சாவி. கடைசியில் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, கட்டை உரசவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிரேக் கட்டையில் இருக்கும் குறுக்குக் கோடுகள் தேய்ந்து மறைந்திருந்தால் என்ன திருகினாலும் பயனில்லை, மாற்றுங்கள்.

பொதுப் பாதையில் ஓட்டும் சைக்கிளில் வேலை செய்யும் கைபிரேக் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது 2021 முதல் சட்டமும்கூட. பிரேக்கே இல்லாத ஃபிக்ஸி (சக்கரத்தோடு மிதியும் சேர்ந்தே சுழலும் ஒற்றை கியர் சைக்கிள்) கொண்டுவரும் நண்பரை, ஏறிய கையோடு இந்தப் பாதைக்கு அழைக்காதீர்கள். அது அவருக்கும் ஆபத்து, எதிரே வரும் குழந்தைக்கும் ஆபத்து.

டயரில் காற்றையும் கொஞ்சம் குறைக்கலாம். 700×35 டயருக்கு (35 மில்லிமீட்டர் அகலம்) வழக்கமாக 65 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைப்பவர் 55க்கு இறக்கினால், ஓடு பதித்த நடைபாதை, பாலத்து இணைப்பு இவற்றின் அதிர்வு உள்ளங்கைக்கு ஏறுவது தெளிவாகக் குறையும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்த குறைந்தபட்ச அளவுக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். படிக்கல் விளிம்பில் ஏறும்போது ட்யூப் நசுங்கி இரண்டு பொத்தல் விழும்.

* * *

மேலே சொன்ன என் வரிசைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பயணம் பத்து கிலோமீட்டருக்குள், சமதரை, வேகம் குறைவு என்றால் முதலில் மிதித்துவிட்டு ஏறுவதே மேல் என்பேன். உடல் சூடாகியே ஜிம்முக்கு வரும், இருட்டில் களைத்த கையோடு கூட்டத்துக்குள் பிரேக் பிடிக்க வேண்டாம். இதில் சிக்கல் வியர்வைதான். நம் ஊர் ஈரப்பதத்தில் சைக்கிளை நிறுத்தியதும் அடுத்த இருபது நிமிடம் கையில் ஊறிக்கொண்டே இருக்கும். அந்தக் கையில் சாக் (ஈரம் உறிஞ்சும் வெள்ளைப் பொடி) போட்டால் பசையாகி, ஸ்லோப்பரில் (விளிம்பில்லாத உருண்டை ஹோல்ட்) சோப்பு மாதிரி வழுக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, முதலில் ஆல்கஹால் கலந்த திரவச் சாக் ஒரு பூச்சு. அது முழுதாகக் காய்ந்தபின் மேலே பொடி லேசாக. இந்த இரண்டடுக்கு முறை இல்லாமல் சைக்கிளிலிருந்து நேராகச் சுவருக்குப் போகாதீர்கள். ஹோல்டிலும் முந்தையவரின் வியர்வை படிந்திருக்கும். பிரஷ்ஷால் தேய்த்துவிட்டே பிடியுங்கள், ஏறி முடித்ததும் அடுத்தவருக்காக ஒருமுறை தேய்த்துவிட்டு வாருங்கள்.

ஏறியபின் மிதிப்பவர்களுக்கு: சாக் கையோடு கைப்பிடியைத் தொடாதீர்கள். கழுவாமல் விட்டால் தோல் வறண்டு வெடிக்கும், வியர்த்ததும் ரப்பர் பிடி வழுக்கும். கையில் க்ரீம் போடுவதும் வீட்டுக்குப் போனபின்தான், போட்டுக்கொண்டு ஓட்டினால் லீவர் நழுவும். தோல் உரிந்து மடல்போலத் தொங்கினால் கழுவி, சுத்தமான நகவெட்டியால் தொங்கும் பகுதியை மட்டும் வெட்டி, விரலைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். உள்ளங்கையில் என்றால் டேப் நிற்காது. பருத்த ஜெல் கையுறை போட்டுக்கொள்வதுதான் வழி.

ஏறும் ஷூ பையின் வெளியே தொங்குவது பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் பின்சக்கரத்துக்கு மேலே கேரியரில் கட்டும்போது நாடா கம்பிக்குள் போய்ச் சுற்றிக்கொள்ளும். நாடாவை ஷூவுக்குள் திணித்து, ஜிப் பைக்குள் வைத்து, அதன்பின் கட்டுங்கள்.

* * *

இனி பாதையைப் பற்றி. இரண்டு திசை இருக்கிறது, இரண்டும் வேறு வேறு சுபாவம்.

நீரோட்டத் திசை, அதாவது படுகையிலிருந்து மரினா அணைக்கட்டுவரை, ஐந்தாறு கிலோமீட்டர். ஏற்றம் கிடையாது. 2008ல் அணைக்கட்டு வந்தபின் இந்தப் படுகை நன்னீர்த் தேக்கத்தின் ஒரு பகுதி. அலை ஏற்றம் இறக்கம் இல்லை, தண்ணீர் எப்போதும் கரை நிரம்ப நிற்கும். ஓட்டக்காரர்கள், தள்ளுவண்டிக் குழந்தைகள், நாய்கள் என்று மாலை ஏழு மணிக்குக் கூட்டம் உச்சத்தில் இருக்கும். சைக்கிள் பாதையிலும் பகிர்வுப் பாதையிலும் மணிக்கு 25 கிலோமீட்டர், நடைபாதையில் 10 என்பது உச்சவரம்பு. இங்கே கூட்டத்துக்குள் 12, 15க்கு மேல் போக நியாயமே இல்லை. சைக்கிள் பாதையை ஒட்டி நடப்பவர்களுக்கு மட்டும் என்று குறித்த பாதையில் 2025 ஜூலை முதல் சைக்கிள் ஏறக் கூடாது. பே ஈஸ்ட் தோட்டத்தின் பக்கம் நிறுவனர் நினைவகக் கட்டுமானம் நடப்பதால் மாற்றுவழிப் பலகைகளைப் பார்த்து ஓட்டுங்கள், பழைய வரைபடத்தை நம்பாதீர்கள்.

நீரோட்டத்துக்கு எதிர்த்திசை பீஷான் - அங் மோ கியோ பூங்காவை நோக்கி. லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து படுகைவரை ஆறு மொத்தம் பத்து கிலோமீட்டர்தான், ஆனால் குறுக்கே பெரிய சாலைகள் வெட்டுவதால் ஒரே மூச்சில் ஓட முடியாது. இறங்கி, நின்று, கடந்து போக வேண்டும். ஏறிய கைக்கு இந்த நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதுதான் சோதனை. ஆனாலும் ஒருமுறையாவது போகச் சொல்வேன். முன்பு கான்கிரீட் கால்வாயாக ஓடிய பகுதி 2012ல் புல்லும் கல்லும் உள்ள ஆறாக மாற்றப்பட்டது, பார்க்கப் பார்க்க அலுக்காது. அங்கே ஒரு கவனம்: மழை பெய்தால் ஆற்றின் ஓரப் புல்வெளி வெள்ளம் பரவுவதற்காகவே விடப்பட்ட இடம். எச்சரிக்கை விளக்கு சிமிட்டினாலோ அபாய ஒலி கேட்டாலோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உடனே மேட்டுக்கு ஏறுங்கள்.

ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை மாலைவரை இழுக்கும். மைஈஎன்வி (myENV) என்ற வானிலைச் செயலியில் மின்னல் எச்சரிக்கை இருந்தால் ஜிம்மிலேயே இருங்கள், படுகையோரம் திறந்த வெளி. ஈரமான ரிம்மில் முதல் ஒன்றிரண்டு சுற்று கட்டை தண்ணீரைத் துடைக்கவே சரியாகப் போகும். அதனால் வழக்கத்தைவிட முன்பே, லேசாகப் பிடிக்க ஆரம்பியுங்கள்.

* * *

நீர்நாய்களைப் பற்றி இன்னும் சொல்லவில்லையே! காலாங் படுகையில் சூரியன் சாயும் நேரம் அவை குடும்பமாகக் கரையேறும். காவிரியில் இருக்கும் அதே இனம். பாதையைக் கடக்கும்போது முன்னே இரண்டு போனதும் மிச்சம் இல்லை என்று நினைத்து மிதிக்காதீர்கள். குட்டிகளும் அவற்றைத் தள்ளிக்கொண்டு பெரியவையும் பின்னால் வரும். பத்து மீட்டருக்கு முன்பே நின்று, இறங்கி, முன்விளக்கைக் கீழே திருப்பிவிடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், தீனியும் வேண்டாம். குட்டியோடு இருக்கும்போது நெருங்கினால் கடிக்கும். நீருடும்பு வேறு மாதிரி: பாதை நடுவே அசையாமல் கிடக்கும், மங்கலில் குச்சி மாதிரித் தெரியும். மணி அடித்தால் நகராது, சுற்றிப் போங்கள்.

குழுவாக ஓட்டும்போது முன்னால் போகிறவர் குரல் கொடுக்க வேண்டும், கை காட்ட வேண்டாம். ஏறிய கையில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றொன்று தடுமாறும். இடப்பக்கமாக ஒற்றை வரிசை, ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இரண்டு சைக்கிள் நீளம் இடைவெளி. கடைசியில் வருபவர் பழகியவராக இருக்கட்டும், கை களைத்தவர் நடுவில்.

* * *

சொந்த சைக்கிள் இல்லாத நண்பருக்கு இரண்டு வழி. மடிக்கும் சைக்கிள் என்றால் மடித்த அளவு 120×70×40 சென்டிமீட்டருக்குள் இருந்தால் ரயிலில் எந்த நேரமும் கொண்டுவரலாம். இல்லையென்றால் வாடகை சைக்கிள். அதில் லீவரைக் கிட்டே கொண்டுவர முடியாது, எடை அதிகம், அதனால் எடுக்கும் முன் இரண்டு பிரேக்கையும் இழுத்துப் பார்த்து, கடினமாக இருந்தால் வேறு ஒன்றை எடுங்கள். முடித்ததும் மஞ்சள் கட்டத்துக்குள் நிறுத்தி அங்குள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால்தான் பயணம் முடியும். செய்யாவிட்டால் கூடுதல் கட்டணம். கட்டம் எங்கே இருக்கிறது என்று கிளம்பும் முன்பே செயலியில் பார்த்துவிடுங்கள், ஆற்றோரத்தில் எல்லா இடத்திலும் கிடையாது.