லிபரல் கட்சிக்குத் தமிழில் என்ன சொல்?

மஞ்சக்குப்பம், வியாழன் இரவு

அனைவருக்கும் வணக்கம். திங்கள் காலை அச்சகத்துக்குப் போகவேண்டிய பாடக் குறிப்பு ஒரு சொல்லால் நின்றுகிடக்கிறது. பி.ஏ. அரசறிவியல் பிள்ளைகளுக்கானது. லிபரல் கட்சிகள் ஒரு நாட்டின் கொள்கையையும் அடையாளத்தையும் எப்படி உருவாக்குகின்றன என்பது பாடம்.

நேற்று மாலை கரும்பலகையில் ‘தாராளவாதக் கட்சி’ என்று எழுதினேன். தேவனாம்பட்டினத்துப் பெண் எழுந்து, “சார், தாராளமா காசு குடுக்கிற கட்சியா?” என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை, பாதிப் பேர் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். பின் பெஞ்சில் ஒரு பையன் நோட்டில் ‘தாராளமயம், 1991’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தான். ஒரே சொல்லை ஒருத்தி இலவசம் என்று எடுத்துக்கொண்டாள், ஒருவன் சந்தைத் திறப்பு என்று எடுத்துக்கொண்டான். நான் சொல்ல வந்ததோ கனடா. 1965இல் மேப்பிள் இலைக் கொடி, 1969இல் ஆட்சிமொழிச் சட்டம், 1971இல் பல பண்பாடுகளையும் ஏற்கும் பன்முகப் பண்பாட்டுக் கொள்கை, 1982இல் உரிமைச் சாசனம், எல்லாமே லிபரல் ஆட்சியில் வந்தவை. இன்று டொரண்டோவில் பொங்கல் வைக்கும் நம்மவர்கள் தங்களைக் கனடியர் என்றும் தமிழர் என்றும் ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதென்றால் அதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. அதைத் தாங்கும் சொல் வேண்டும்.

வில்லியனூர், வெள்ளி காலை

தம்பி, சொல் இருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் ‘தாராண்மைவாதம்’ என்றுதான் எழுதுகிறார்கள். வாதம் என்பது முடக்குவாதத்தை நினைவூட்டும், வடசொல் வேறு. அதை விட்டுவிட்டு ‘தாராண்மை நெறி’ என்று எழுதுங்கள். வேளாண்மை, தாளாண்மை வரிசையில் அழகாக உட்காரும்.

முத்தியால்பேட்டை, வெள்ளி மதியம்

ஐயா மன்னிக்கவேண்டும். தா என்ற பகுதியில் பிறந்த ‘தாரா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். வங்கியில் வாராக் கடன் என்கிறோமே, அதே அமைப்பு. வாராதது வாரா, தராதது தாரா. தாரா ஆண்மை என்று பிரித்தால் கொடுக்காத தன்மை என்றல்லவா ஆகிறது? இன்னொன்று, கட்சியில் பாதி பெண்கள் இருக்கும்போது ஆண்மை எதற்கு?

வில்லியனூர், வெள்ளி மாலை

அம்மா, ஆண்மையில் ஆண் இல்லை, ஆள்தான் இருக்கிறது. ஆள் + மை = ஆண்மை, கேள் + மை = கேண்மை. மேலாண்மை படிக்கும் பெண்பிள்ளைகள் யாரும் இதைக் கேட்பதில்லை. ‘தாரா’ எதிர்மறை என்பதை ஒப்புக்கொள்கிறேன், அதை நான் யோசிக்கவில்லை.

ஆனால் கொடை என்ற பொருளைக் கைவிடாதீர்கள். லத்தீனில் லிபர் என்றால் அடிமை அல்லாதவன். லிபராலிஸ் என்றால் அப்படிப்பட்டவனுக்குத் தகுந்தது, கொடைக்குணம் உடையது. அரசியல் பெயராக அது ஊன்றியது ஸ்பெயினில், 1812 காதிஸ் அரசியலமைப்பை ஆதரித்தவர்களால். நமக்குத் திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரத்திலேயே “தக்கார்க்கு வேளாண்மை செய்தற் பொருட்டு” என்று வருகிறது. அங்கே வேளாண்மை உழவல்ல, உதவி. அப்படியானால் ‘ஒப்புரவுக் கட்சி’ என்றே சொல்லலாமே? ஒப்புரவில் உள்ள ஒப்பு சமத்துவத்தையும் தொடுகிறது. இதைப் பற்றித் தனியாக நாலு பக்கம் எழுதி அனுப்புகிறேன்.

பண்ருட்டி, வெள்ளி இரவு

ஐயா, நான் செய்தி மொழிபெயர்ப்பவன். ஒப்புரவுக் கட்சி என்று எழுதினால் கூட்டுறவுச் சங்கம் என்று நினைப்பார்கள். கட்சியின் பெயர் என்றால் ‘லிபரல் கட்சி’ என்றே விடுங்கள். ஆஸ்திரேலிய லிபரல் கட்சி, அந்நாட்டுப் பிரதமராக இருந்த மென்சீஸ் தொடங்கிய வலதுசாரிக் கட்சி. ஜப்பானில் 1955இல் உருவான லிபரல் டெமாக்ரடிக் கட்சியும் பழமைவாதம்தான். அவற்றுக்கெல்லாம் பொருள் பார்த்துத் தமிழ்ப்பெயர் வைத்தால் பெயரே பொய் சொல்லும்.

புதுச்சேரி கடற்கரைச் சாலை, சனி காலை

நான் பிரெஞ்சில் படித்தவன். பிரெஞ்சுக்காரன் லிபரால் என்று சொன்னால் சந்தையைத் திறந்துவிடச் சொல்பவன் என்று பொருள், அமெரிக்காவில் நேர்மாறு, அரசு தலையிட வேண்டும் என்பவன். மேரி (நகராட்சி மன்றம்), சொல்தா (படைவீரர்) என்ற பிரெஞ்சுச் சொற்கள் எங்கள் ஊரில் தமிழாகிவிட்டன. நகராட்சி மன்றம் என்றால் வழி தெரியாதவர் மேரி என்றால் கொண்டுபோய் விடுவார். லிபரலும் அப்படி ஆகட்டும்.

நெல்லிக்குப்பம், சனி மதியம்

எல்லாரும் ஊர் ஊராகச் சுற்றுகிறீர்கள், நம் வீட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. 1916இல் தொடங்கிய நீதிக்கட்சியின் ஆங்கிலப் பெயரிலேயே லிபரல் இருந்தது. தமிழில் அதன் பெயர் தென்னிந்திய நலவுரிமைச் சங்கம். நூறு ஆண்டுக்கு முன்பே நம்மவர் லிபரலை ‘நலவுரிமை’ ஆக்கிவிட்டார்கள். அந்தக் கட்சியின் சார்பில் 1920 டிசம்பரில் சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற சுப்பராயலு ரெட்டியார் தென்னாற்காட்டுக்காரர். அந்த மாவட்டத்துக்குக் கடலூர்தான் தலைநகர். 1921இல் அரசு வேலைகளைச் சமூகங்களுக்குப் பங்கிடும் வகுப்புவாரி ஆணை வந்தது, பெண்களுக்கு வாக்குரிமையும் வந்தது. கட்சி கொள்கையை மாற்றுவதும் அந்தக் கொள்கை ‘நான் யார்’ என்பதை மாற்றுவதும் உங்கள் பிள்ளைகளின் சொந்தக் குடும்பக் கதை. கனடாவுக்குப் போவதற்கு முன் அதைச் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம், சனி இரவு

ஐயா, படித்ததும் உடம்பு சிலிர்த்தது. பிரிட்டனில் லிபரல் ஆட்சி 1908இல் சட்டம் போட்டு, எழுபது வயதான வசதியற்றவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை ஓய்வூதியம் கொடுத்தது. அது சலுகையாக இல்லாமல் சட்டப்படியான உரிமையாக வந்தது. நலம், உரிமை இரண்டும் சேர்ந்த சொல் அதற்கு அப்படியே பொருந்துகிறது. அந்தப் பெண்ணின் கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது: கொடுக்கிறவன் தாராளம் வேறு, பெறுகிறவளின் உரிமை வேறு. எனக்கு நலவுரிமைதான்.

முத்தியால்பேட்டை, ஞாயிறு காலை

அவசரப்படாதீர்கள் சார். சங்கம் கேட்டது பார்ப்பனரல்லாதார் என்ற சமூகத்தின் உரிமை. லிபரல் கொள்கையின் அடி தனிமனிதர். என்னைக் கேட்காமல் என் சாதியோ என் மதமோ என் அரசோ எனக்காக முடிவெடுக்கக் கூடாது என்பதுதான் அதன் உயிர். அந்த உயிர் நலவுரிமையில் எங்கே இருக்கிறது? தேர்வில் ‘தாராளவாதம்’ என்று கேட்பார்கள், உங்கள் பிள்ளை முழிக்கும். எனக்கும் அந்தச் சொல் பிடிக்காது. ஆனாலும் அதுவே இருக்கட்டும்.

பண்ருட்டி, ஞாயிறு மதியம்

அம்மா சொல்வதே சரி. தாராளவாதம்.

புதுச்சேரி கடற்கரைச் சாலை, ஞாயிறு மாலை

பெயருக்கு லிபரல், கொள்கைக்கு தாராளவாதம் என்றால் எனக்கு மறுப்பில்லை. கண் எரிகிறது, படுக்கப் போகிறேன்.

மஞ்சக்குப்பம், ஞாயிறு இரவு 11.40

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். கட்சிப் பெயர்களில் லிபரல், பாடம் முழுக்க தாராளவாதம். ஆனால் முதல் பத்தியைக் கனடாவிலிருந்து எடுத்துவிட்டு நலவுரிமைச் சங்கத்தில் தொடங்கியிருக்கிறேன். முத்தியால்பேட்டை அம்மா எழுப்பிய தனிமனிதரா சமூகமா என்ற கேள்வியைப் பாட இறுதி வினாவாக வைத்தேன், பத்து மதிப்பெண். மெய்ப்பு காலை எட்டு மணிக்குப் போகிறது.

வில்லியனூர், திங்கள் காலை 6.15

ஒப்புரவு பற்றிய நாலு பக்கம் இணைப்பில். எட்டு மணிக்குள் படிக்க முடியுமா தம்பி?