ரெப்ளிகேஷன் கிரைசிஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வெளியான ஆய்வுகளை மற்றவர்கள் திரும்பச் செய்துபார்த்தால் பலவற்றில் அதே முடிவு வருவதில்லை. இந்தச் சிக்கலைத்தான் ஆங்கிலத்தில் ரெப்ளிகேஷன் கிரைசிஸ் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாக இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று:

> நகலாக்க நெருக்கடி
> மறுவுருவாக்க நெருக்கடி
> இரட்டிப்பாதல் நெருக்கடி (டி.என்.ஏ.வுக்குப் பாடநூலில் இப்படித்தான் இருக்கிறது)

மூன்றாவதை உடனே தள்ளிவிடலாம். டி.என்.ஏ. ஒன்று இரண்டாகிறது, அங்கே அது சரி. உளவியல் சோதனையில் எதுவும் இரட்டிப்பதில்லை.

'நகல்'தான் எனக்குப் பெரிய சங்கடம். நகல் சரியாக வரவில்லை என்றால் இயந்திரத்தில் கோளாறு என்போம், அசலைச் சந்தேகப்பட மாட்டோம். இங்கே சண்டையே அசலைப் பற்றித்தான். 2015இல் சயின்ஸ் இதழில் வந்த கூட்டாய்வை எடுத்துக்கொள்ளுங்கள். உளவியல் இதழ்களில் வெளியான 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்துபார்த்தார்கள். அசல் ஆய்வுகளில் 97 விழுக்காடு, தற்செயல் என்று ஒதுக்க முடியாத முடிவைக் காட்டியிருந்தன. திரும்பச் செய்தபோது 36 விழுக்காடுதான் அப்படித் தேறின. மீதி எல்லாம் 'நகல் சரியில்லை' என்றா சொல்வது?

'உருவாக்கம்' கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் ஆய்வாளர் எதையும் உருவாக்கக் கூடாது என்பதுதானே எதிர்பார்ப்பு! உளவியலாளர் ஜான் பார்கும் அவர் குழுவும் 1996இல் வெளியிட்ட சோதனை பலருக்கு நினைவிருக்கும். முதுமையை நினைவூட்டும் சொற்களைக் கொண்டு வாக்கியம் அமைக்கச் சொன்னார்கள். அதை முடித்த மாணவர்கள் வெளியே போகும்போது மெதுவாக நடந்தார்களாம். 2012இல் பிரசெல்சில் ஒரு குழு அதே சோதனையை அகச்சிவப்புக் கருவி வைத்து அளந்தது. மெதுநடை வரவில்லை. பிறகு, சோதனை நடத்துகிறவர்களிடமே 'இவர்கள் மெதுவாகத்தான் நடப்பார்கள்' என்று சொல்லிவைத்துப் பார்த்தார்கள். வந்துவிட்டது! அதாவது, இதை 'உருவாக்கியது' யார் என்பதே கேள்வியாகிவிட்டது.

இந்த இடத்தில் தமிழ் நமக்கு ஒரு வசதி தருகிறது. நிகழ்தல் தன்வினை, நிகழ்த்தல் பிறவினை. சோதனையை நாம் நிகழ்த்துகிறோம். விளைவு தானாக நிகழ வேண்டும். நிகழ்த்தினோம், நிகழவில்லை. மொத்த நெருக்கடியும் இந்த இரண்டு சொல்லில் அடங்கிவிடுகிறது. எனவே என் பரிந்துரை:

செயலுக்கு: மீள்நிகழ்த்தல்
விளைவு திரும்ப வரும் தன்மைக்கு: மீள்நிகழ்மை
நெருக்கடிக்கு: மீள்நிகழாமை நெருக்கடி

அப்புறம், ரெப்ரொட்யூசிபிலிட்டி என்று ஒன்று இருக்கிறது. 'இனப்பெருக்கம்' என்று யாரும் எழுதிவிடாதீர்கள், நான் ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்துவிட்டேன். இரண்டையும் கலந்து புழங்கியவர்கள் நிறையப் பேர். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் 2019 அறிக்கை பிரித்துச் சொல்கிறது: அதே தரவு, அதே கணக்கு, அதே விடை வருகிறதா என்பது ரெப்ரொட்யூசிபிலிட்டி, புதிதாகத் தரவு திரட்டினால் ஒத்த விடை வருகிறதா என்பது ரெப்ளிகபிலிட்டி. முதலாவதற்கு என்னிடம் நல்ல சொல் இல்லை.

———

ஐயா,

நிகழ்/நிகழ்த்து வேறுபாடு அருமை. ஆனால் 'மீள்' முன்னே வந்தால் புணர்ச்சியில் மீணிகழ்த்தல் என்றல்லவா ஆக வேண்டும்? எழுதினால் மீன் ஞாபகம்தான் வரும். எழுதாமல் விட்டால் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருப்போம்.

'மறு' போதுமே. தேர்தல் செய்தியைப் பாருங்கள். ஒரு வாக்குச்சாவடியில் தகராறு என்றால் மறுவாக்குப்பதிவு. வாக்கு அதேதான், எண்ணியதில் சந்தேகம் என்றால் மறுஎண்ணிக்கை. நீங்கள் சொன்ன இரண்டும் இவைதானே? இந்த வேறுபாடு டீக்கடையில் இருப்பவருக்கும் தெரியும், பேராசிரியர்கள்தான் குழம்பியிருக்கிறார்கள்.

———

அம்மா,

ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் போல 'அடுத்த நிகழ்வு' என்று பொருள் வந்துவிடுமோ என்று பயந்துதான் 'மறு'வை ஒதுக்கியிருந்தேன். மறுவாக்குப்பதிவை யாரும் அடுத்த தேர்தல் என்று புரிந்துகொள்வதில்லை. எனவே மறுநிகழ்த்தல், மறுநிகழ்மை, மறுநிகழாமை நெருக்கடி.

மறுஎண்ணிக்கையிலிருந்து 'மறுகணக்கு' எடுத்துக்கொள்ளலாம். பொருத்தமான உதாரணமும் உண்டு. ஒரு நாட்டின் அரசுக் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் பொருளாதார வளர்ச்சி சராசரியாக -0.1 விழுக்காடாகச் சரிகிறது என்று ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற பொருளியலாளர்கள் இருவரும் 2010இல் எழுதினார்கள். சிக்கன நடவடிக்கைக்கு ஆதரவாக அரசியல்வாதிகள் அதைக் காட்டினார்கள். தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாசசூசெட்ஸ் மாணவர் அவர்களுடைய எக்செல் கோப்பையே வாங்கிப் பார்த்தார். சராசரிக்கான சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விட்டுப்போயிருந்தன. சில ஆண்டுகளின் தரவு சேர்க்கப்படவில்லை, சராசரியில் எந்த நாட்டுக்கு எவ்வளவு பங்கு என்று எடை போட்ட முறையும் சரியில்லை. அவரும் அவருடைய ஆசிரியர்களும் 2013இல் எல்லாவற்றையும் திருத்திப் போட்டபோது வந்தது 2.2 விழுக்காடு. புதுத் தரவு எதுவும் திரட்டவில்லை. மறுநிகழ்த்தலே இல்லை, வெறும் மறுகணக்கு. 'மறுகணக்கு ஒத்துவரவில்லை' என்று வாக்கியமும் இயல்பாக வருகிறது.

ஒன்று பாக்கி இருக்கிறது. 2015 ஆய்வை மறுத்து ஹார்வர்டு உளவியலாளர் டேனியல் கில்பர்ட்டும் வேறு மூவரும் 2016இல் எழுதியபோது ஓர் உதாரணம் காட்டினார்கள். அசல் சோதனையில் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள், தங்கள் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கொள்கை பற்றிச் சக மாணவர்கள் பேசும் காணொளியைப் பார்த்தார்கள். மறுநிகழ்த்தியது ஆம்ஸ்டர்டாமில். டச்சு மாணவர்கள் அதே ஆங்கிலக் காணொளியைப் பார்த்தார்கள். இது அதே சோதனையா? அச்சு மாறாமல் செய்வதற்கும், கருத்தை மட்டும் வைத்துக்கொண்டு சூழலுக்கேற்ப மாற்றிச் செய்வதற்கும் தனித்தனிப் பெயர் இருக்கிறது. முதலாவதை 'நேர் மறுநிகழ்த்தல்' எனலாம். இரண்டாவதற்குக் 'கருத்துவழி' என்று வைத்தால், சோதனையே செய்யாமல் கருத்துச் சொன்னது போல ஒலிக்கிறது. தேர்தலில் இதற்கும் ஏதாவது சொல் இருக்கிறதா, அம்மா?