பழைய கொரோலா வேகனின் கியர்பொக்ஸ்: திருத்துவதா, பாவித்த ஒன்றை வாங்கிப் பூட்டுவதா?

கேள்வி: களுவாஞ்சிகுடியிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். அப்பா வாங்கிய 1984 ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா டி.எக்ஸ். வேகன் ஒன்று எங்கள் வீட்டில் இன்றும் ஓட்டத்தில் இருக்கிறது. 4கே எஞ்சின், ஐந்து கியர் உள்ள கே50 கியர்பொக்ஸ். எஞ்சின் நன்றாக இருக்கிறது, பொடியிலும் துரு அதிகம் இல்லை. கியர்பொக்ஸ்தான் தொல்லை தருகிறது.

மூன்றாம் கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது பல் உரசும் சத்தம் கேட்கிறது. காலையில் வண்டி குளிர்ந்திருக்கும் வேளையில் அது அதிகம். நியூட்ரலில் நிறுத்திக் கிளச்சிலிருந்து காலை எடுத்தால் உள்ளே ஓர் உறுமல் இருக்கிறது, கிளச்சை மிதித்தவுடன் அடங்கிவிடுகிறது. ஓட்டத்தில் முதல் மூன்று கியர்களிலும் ஐந்தாவதிலும் ஊளைச் சத்தம் உண்டு. நான்காவதில் மட்டும் வெகுவாகக் குறைகிறது. இவற்றைக்கூடப் பொறுத்துக்கொண்டிருந்தோம். ஆனால் அண்மையில் பதுளைக்குப் போய்விட்டு லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடிக்குத் திரும்பும்போது, மலை இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இரண்டாம் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிட்டது. பிள்ளைகளும் வண்டியில் இருந்தார்கள். அதற்குப் பிறகு வண்டியை ஊர் எல்லைக்கு வெளியே எடுக்கவில்லை.

கழற்றித் திருத்தலாம் என்கிறார் ஒருவர். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த பெட்டி ஒன்றை எடுத்து வந்து பூட்டினால் வேலை முடிந்தது என்கிறார் இன்னொருவர். லைட் ஏஸ் வேனின் பெட்டியும் பொருந்தும் என்று மூன்றாவது யோசனையும் வந்திருக்கிறது. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டாலும், வரியோடு சேர்ந்து வரும் இன்றைய விலையில் வேறொரு கார் வாங்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. இதே வண்டியை நம்பி ஓட்டக்கூடியதாகச் செய்துகொள்ள எந்த வழி சரி என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: கல்முனையிலிருந்து, வாகனத் திருத்துநர்

தம்பி, வாங்குவதா திருத்துவதா என்ற கேள்விக்கு இப்போதே விடை தேட வேண்டாம். உள்ளே தேய்ந்திருப்பது எது என்று தெரிந்த பிறகுதான் அந்தக் கேள்விக்கே பொருள் வரும். நீங்கள் சத்தங்களை வகை பிரித்து எழுதியிருப்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது.

நியூட்ரலில் கிளச்சை விட்டிருக்கும்போது, எஞ்சினோடு சேர்ந்து, அதன் சுழற்சியைப் பெட்டிக்குள் கொண்டுவரும் இன்புட் ஷாப்ட்டும், அதனோடு பல் கோத்திருக்கும் துணைத் தண்டான கவுண்டர் ஷாப்ட்டும் சுழல்கின்றன. கிளச்சை மிதித்தால் இரண்டும் நின்றுவிடும். ஆகவே மிதித்ததும் அடங்கும் உறுமல், இந்த இரண்டு ஷாப்ட்டுகளில் ஒன்றைத் தாங்கும் பெயாரிங்கிலிருந்துதான் வருகிறது. மிதிக்கும்போது மட்டும் வரும் சத்தமாக இருந்திருந்தால் கிளச்சைத் தள்ளும் பெயாரிங்கைச் சந்தேகிக்கலாம். உங்களுடையது அப்படி இல்லை. நான்காம் கியர் இந்தப் பெட்டியில் நேர் கியர். அதில் இன்புட் ஷாப்ட், சுழற்சியைப் பின்னால் வெளியே கொண்டுபோகும் மெயின் ஷாப்ட்டோடு நேராகப் பூட்டிக்கொள்வதால், கவுண்டர் ஷாப்ட் சும்மா சுற்றுமே தவிர எந்தச் சுமையையும் தாங்காது. மற்ற நான்கு கியர்களிலும் முழுச் சுமையும் அதன் வழியாகவே போகிறது. நான்காவதில் ஊளை குறைகிறது என்றால், கவுண்டர் ஷாப்ட்டின் பெயாரிங்குகளையும் பற்களையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாம் கியரின் உரசல் தனிக் கதை. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது, கிளச்சோடு சேர்ந்து சுழலும் பாகங்களின் வேகத்தைச் சட்டென்று கூட்ட வேண்டியிருக்கிறது. அந்த வேலையைச் செய்வது பித்தளையால் ஆன சிங்க்ரோ ரிங். அதன் உட்புறத்து நுண்ணிய வரிகள் தேய்ந்தால் ரிங் கியரின் கூம்பைப் பற்றிப் பிடிக்காமல் வழுக்கும்; வேகம் ஒத்துவருவதற்கு முன்பே பல்லோடு பல் மோதும். எந்தப் பெட்டியிலும் பெரும்பாலும் முதலில் தேய்வது இந்த இரண்டாம் கியரின் ரிங்தான்.

ஆனால் ரிங்கின் மேல் பழி போடும் முன் கிளச் முழுமையாக விடுபடுகிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கிளச்சை அடிவரை மிதித்துச் சில விநாடிகள் பொறுத்து, பிறகு ரிவர்ஸைப் போடுங்கள். ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ கிடையாது. சத்தமின்றி விழுந்தால் கிளச் சரி. அப்போதும் உரசினால் கிளச் இழுக்கிறது என்று பொருள், அதைச் சரிசெய்யாமல் கியர்பொக்ஸில் கை வைப்பது வீண்.

கியர் கழல்வதற்குக் காரணம் பல. கியர்பொக்ஸைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்திருந்தால்கூட, காலை எடுக்கும்போது பெட்டி அசைந்து கியரை வெளியே தள்ளலாம். கியர் கம்பியின் அடியில் உள்ள பிளாஸ்டிக் புஷ் உடைந்திருந்தால் கம்பி தொளதொளத்து, கியர் முழுமையாக விழாமல் போகலாம். இவ்விரண்டும் பெட்டியை இறக்காமலே பார்க்கக்கூடியவை, மலிவானவை. இரண்டும் நன்றாக இருந்தால், நகர்ந்து வந்து கியரைப் பூட்டும் வளையமான ஸ்லீவின் உட்பற்களும் கியரின் பக்கவாட்டுப் பற்களும் முனை மழுங்கியிருக்கின்றன, அல்லது ஸ்லீவைத் தள்ளும் கவை தேய்ந்திருக்கிறது, அல்லது கியரை அதன் இடத்தில் நிறுத்தி வைக்கும் குண்டின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். எதுவானாலும், இறக்கத்தில் கழன்ற வண்டியை மலை வீதிக்கு எடுக்காமல் நிறுத்தியது மிகச் சரியான முடிவு. எஞ்சின் பிடித்து இழுக்காவிட்டால் முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும். அந்த வளைவுகளில் பிரேக் சூடேறினால் பிறகு நம்புவதற்கு எதுவும் இல்லை.

கடைசியாக, ஒயிலை வடித்து ஒரு தெளிவான கண்ணாடிப் போத்தலில் இரவு முழுதும் வைத்துவிட்டு, என்ன தெரிகிறது என்று எழுதுங்கள்.

கேட்டவரிடமிருந்து

மிக்க நன்றி அண்ணன். ரிவர்ஸ் சத்தமின்றி விழுகிறது. மவுண்டும் கியர் கம்பியின் புஷ்ஷும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. ஆனால் வடித்த ஒயில் பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தது. காலையில் பார்த்தபோது போத்தலின் அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது. வெயிலில் பிடித்தால் ஒயிலில் மஞ்சள் மினுக்கம் தெரிகிறது. உடைந்த இரும்புத் துண்டுகள் எதுவும் இல்லை. கடந்த மாரியில் கிரான் பக்கம் போனபோது, வீதியைக் குறுக்கறுத்து ஓடிய வெள்ளத்தைக் கடந்திருக்கிறோம். நீர் கதவின் அடிவரை வந்தது.

மறுமொழி: அக்கரைப்பற்றிலிருந்து

தண்ணீர் எப்படி உள்ளே போயிற்று என்பதற்கு மட்டும் விடை சொல்கிறேன், ஏனெனில் நமது பகுதியில் மாரிக்கு மாரி இது நடக்கிறது. கியர்பொக்ஸின் மேற்புறத்தில், உள்ளே சூடேறும் காற்று வெளியேறுவதற்கு ஒரு சிறிய மூச்சுத்துளை உண்டு. நெடுந்தூரம் ஓடிச் சூடான பெட்டி குளிர்ந்த வெள்ளத்தில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, அந்தத் துளையாலும் பழைய சீல்களின் ஓரத்தாலும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சின் நிற்காமல் கடந்துவிட்டதால் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் எவரும் நினைப்பார்கள். பிறகு அந்தத் தண்ணீர் மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்து பெயாரிங் குண்டுகளிலும் அவை ஓடும் பாதையிலும் துருப்புள்ளிகளை உண்டாக்கும். அந்தப் புள்ளிகளே பிறகு உறுமலாகக் கேட்கின்றன. வெள்ளத்தைக் கடந்த எந்த வண்டிக்கும் கியர்பொக்ஸ் ஒயிலையும் பின் அச்சின் ஒயிலையும் அந்த வாரமே திறந்து பார்க்க வேண்டும். உங்கள் பின் அச்சையும் இப்போதே பாருங்கள், அதற்கும் மூச்சுத்துளை உண்டு.

மறுமொழி: காத்தான்குடியிலிருந்து, உதிரிப்பாக வேலையில் இருப்பவர்

ஒயிலில் எஃகுத் துண்டு இல்லை, பித்தளைத் தூள்தான் இருக்கிறது என்பது நல்ல செய்தி. தேய்ந்திருப்பவை பெரும்பாலும் ரிங்குகளும் பெயாரிங்குகளும்தான் என்று நினைக்கிறேன். அவ்வாறெனில் திருத்துவதே சிறந்தது. பாவித்த பெட்டி என்பது நாற்பது ஆண்டு பழைமையான இன்னொரு பெட்டிதான். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கும் தெரியாது. உங்களுடையதைத் திறந்தால் குறை கண்ணுக்குத் தெரியும்.

பெட்டியைத் திறந்த பின் முடிவை மாற்றக்கூடிய ஒரே இடம் கவுண்டர் ஷாப்ட். அதன் பற்சக்கரங்கள் ஒரே துண்டாகச் செய்யப்பட்டவை. ஒரு பல் உடைந்திருந்தாலும், பல்லின் முகத்தில் குழிகள் விழுந்திருந்தாலும் முழுத் துண்டையும், அதோடு பல் கோக்கும் கியர்களையும் மாற்ற வேண்டும். பல்லின் கடினம் மேற்பரப்பில் மெல்லிய ஒரு படலம் மட்டுமே என்பதால், பற்றவைத்து அரைத்துச் சரிசெய்து தருகிறோம் என்று எவர் சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம். அந்த நிலையில் மட்டும் பாவித்த பெட்டியைத் தேடலாம்.

சிங்க்ரோ ரிங்கைக் கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்ல முடியாது. அதைக் கியரின் கூம்பில் அழுத்தி வைத்து, ரிங்கின் பற்களுக்கும் கியரின் பக்கவாட்டுப் பற்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியை, மெல்லிய அளவுத் தகடுகளான ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். பின்சக்கரத்தால் ஓடும் அக்காலத்து டொயோட்டாக்களுக்கு 0.8 மில்லிமீற்றர்தான் எல்லை. அதற்குக் குறைந்தால் ரிங் முடிந்தது. பெயாரிங்கைக் காரின் பெயரைச் சொல்லிக் கேட்காமல், வெளி வளையத்தில் பொறித்திருக்கும் இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். 6306 என்றிருந்தால் கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் வரும் 30 மில்லிமீற்றர்தான் அதன் உள்விட்டம். பின்னால் என்.ஆர். என்று இருந்தால் வெளி வளையத்தில் பூட்டு வளையத்துக்கான தவாளிப்பும் வளையமும் உண்டு. அது இல்லாத பெயாரிங்கை வாங்கி வந்தால் பூட்ட முடியாது. போலிப் பெயாரிங்குகள் சந்தையில் உண்டு, விலை அளவுக்கு மீறிக் குறைந்தால் விலகிக்கொள்ளுங்கள்.

லைட் ஏஸ் யோசனையை விட்டுவிடுங்கள். அந்த வேனில் ஓட்டுநர் எஞ்சினுக்கு மேலே அமர்வதால் கியர் மாற்றும் அமைப்பு வேறு. உங்கள் காரின் கம்பி இருக்கும் இடத்தோடு அது ஒத்துவராது. பாவித்த பெட்டிதான் என்றாகிவிட்டால், கடையில் வைத்தே ஒவ்வொரு கியரையும் போட்டு இன்புட் ஷாப்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள், மேலும் கீழும் ஆட்டி ஆட்டத்தைப் பாருங்கள், எஞ்சினோடு பூட்டும் காதுகளில் வெடிப்போ பற்றவைத்த தடமோ உண்டா என்று தேடுங்கள். உங்கள் கிளச் பிளேட்டைக் கையோடு கொண்டுபோய் அது ஷாப்ட்டில் வழுக்கி ஏறுகிறதா என்றும் பாருங்கள். சரிவராவிட்டால் மாற்றித் தருவதாக ரசீதில் எழுதி வாங்குவது அவசியம்.

கேட்டவரிடமிருந்து

நன்றி நானா. பெட்டியை இறக்கித் திறந்து பார்த்தாயிற்று. கவுண்டர் ஷாப்ட்டின் பற்கள் வழுவழுப்பாகவே இருக்கின்றன. அதன் முன் பெயாரிங்கில் துருப்புள்ளிகள் உள்ளன. இரண்டாம் கியரின் ரிங் ஏறக்குறைய கியரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, ஸ்லீவின் பல்முனைகளும் மழுங்கியிருக்கின்றன. திருத்துவதென்று முடிவு செய்துவிட்டோம். பூட்டும்போது கவனிக்க வேண்டியவை என்ன?

மறுமொழி: கல்முனையிலிருந்து, வாகனத் திருத்துநர்

நல்ல முடிவு தம்பி. ஸ்லீவை மாற்றும்போது இரண்டாம் கியரின் பக்கவாட்டுப் பற்களையும் நன்றாகப் பாருங்கள். அவையும் மழுங்கியிருந்தால் கியரையும் மாற்றாமல் கழல்வது நிற்காது. ஒரு பெயாரிங் துருப்பிடித்திருந்தால் மற்றவையும் அதே தண்ணீரில்தான் கிடந்தன, ஆகவே எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். ரிங்குகளை எந்தக் கியருக்கு எது என்று கலந்துவிடாமல் கட்டி வையுங்கள்; ஸ்லீவும் அதன் உள்ளே இருக்கும் ஹப்பும் எந்தப் பக்கம் பார்த்திருந்தன என்பதைக் கழற்றும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். சீல்களையும் கஸ்கட்டுகளையும் மீண்டும் பாவிக்க வேண்டாம்.

பெட்டி கீழே இருக்கும்போதே கிளச் பிளேட், கிளச் பெயாரிங், எஞ்சினின் பின் ஒயில் சீல், கிராங்க் முனையில் உள்ள சிறிய பைலட் பெயாரிங் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். பைலட் தேய்ந்திருந்தால் இன்புட் ஷாப்ட்டின் முனை ஆடி, புதிய பெயாரிங்கையும் கெடுத்துவிடும். ஏற்றும்போது பெட்டியின் எடை கிளச் பிளேட்டில் தொங்காதபடி, போல்ட்டுகள் பிடிக்கும்வரை ஜாக்கால் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

ஒயில் ஜி.எல்-4 என்ற தரத்தில், 75டபிள்யூ-90 அல்லது 80டபிள்யூ-90 என்ற தடிப்பில் இருக்கட்டும்; இரண்டும் போத்தலில் எழுதியிருக்கும். பின் அச்சுக்குப் போடும் ஜி.எல்-5 ஒயிலைக் கடைக்காரர் இரண்டுக்கும் ஒன்றுதான் என்று கொடுப்பார். அதில் கூடுதலாகச் சேர்க்கப்படும் கந்தகச் சேர்மானங்கள் பித்தளை ரிங்குகளுக்கு ஆகாதவை, வழுக்கலும் கூடுதலாக இருப்பதால் ரிங் பிடிக்கத் தாமதமாகும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பக்கவாட்டுத் துளையால் ஒயில் வழியும்வரை நிரப்பிவிட்டு மூடுங்கள். முதல் சில நூறு கிலோமீற்றர் மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் நடுவே சமதரையில் ஓட்டி, அந்த ஒயிலை வடித்துப் புதிதாக நிரப்பிய பிறகு பதுளை வீதிக்கு எடுங்கள்.