மாருத் மாடலின் இடுப்பைச் சரிசெய்ய உதவி வேண்டும்

நண்பர்களே, புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். 1/72 அளவில் எச்.எஃப்-24 மாருத் பிளாஸ்டிக் மாடல் செய்துகொண்டிருக்கிறேன், ஜெர்மன் பொறியாளர் குர்ட் டாங்க் வடிவமைத்து 1961-இல் முதலில் பறந்த நம் எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) நிறுவனத்தின் போர் விமானம். நீளம் சரிதான், 15.87 மீட்டருக்கு ஸ்கேலில் 22 சென்டிமீட்டர் வர வேண்டும், வருகிறது. ஆனால் மேலிருந்து பார்த்தால் உடல் குழாய் மாதிரி நேராகப் போகிறது. ஒலிவேகத்தை நெருங்கும்போது காற்றின் இழுவை கூடாமலிருக்க இறக்கை சேரும் இடத்தில் உடலை ஒடுக்கியிருப்பார்கள் இல்லையா, இடுப்பு மாதிரியான அந்த ஒடுக்கம்தான் மாருத்தின் அழகே, அதுவே இந்த மாடலில் இல்லை.

உள்பக்கம் எபாக்ஸி புட்டி (இரண்டு பகுதிகளைக் கலந்தால் கெட்டியாகும் பசை) அடைத்துவிட்டு வெளியே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப் போகிறேன், அடைக்காமல் தேய்த்தால் பிளாஸ்டிக் ஓட்டையாகிவிடும். அப்புறம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைய, அட்டையில் வெட்டிய டெம்ப்ளேட் வேண்டும். அதற்கு நம்பகமான குறுக்குவெட்டுப் படம் யாரிடமாவது இருக்கிறதா? பெங்களூரு எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் நிற்கும் மாருத்தை வால் பக்கமிருந்து உடலையொட்டி எடுத்த போட்டோ இருந்தாலும் போதும். மெல்லிசாகத் தேய்த்தாலும் ஓரம் பெயராத புட்டி புதுச்சேரியிலோ கடலூரிலோ எந்தக் கடையில் கிடைக்கும் என்பதையும் சொல்லுங்கள்.