மதிப்பீட்டுப் படிவத்தில் ‘ஃபேர்’ என்று இருக்கிறது: நல்லதா, கெட்டதா?

கேட்டவர்:
வணக்கம். வெளிநாட்டில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகின்றன. தகுதிகாண் காலம் இந்த வாரத்தோடு முடிகிறது. நேற்று வந்த மதிப்பீட்டுப் படிவத்தில், என் பணித்திறனுக்கு நேரே ‘ஃபேர்’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருக்கிறது. வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று இரவெல்லாம் உறக்கமில்லை. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

மறுமொழி 1:
கவலை வேண்டாம் தம்பி. ‘ஃபேர்’ என்றால் நியாயமான, பாரபட்சமற்ற என்று பொருள். உங்களை நேர்மையானவர் என்று பாராட்டியிருக்கிறார்கள்.

மறுமொழி 2:
மன்னிக்கவும், அது சரியல்ல. தீர்ப்பு, விலை, பங்கீடு ஆகியவற்றோடு வந்தால்தான் அது நியாயத்தைக் குறிக்கும். வானிலையோடு வந்தால் மழையில்லாத தெளிந்த வானம். தலைமுடியோடு வந்தால் வெளிர்நிறம். நான் வந்த புதிதில் வாடகை வீட்டைக் காலி செய்தபோது, வாசற்படியருகே நடந்து நடந்து நிறம் மங்கிய தரைவிரிப்புக்காக வீட்டுக்காரர் முன்பணத்தில் பிடித்தம் செய்யப் பார்த்தார். ஒப்பந்தத்தில் இருந்த ‘ஃபேர் வேர் அண்ட் டேர்’ என்ற தொடர், இயல்பான புழக்கத்தால் வரும் தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்ல என்பதற்காகவே எழுதப்படுவது. அதைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் முழுத்தொகையும் கைக்கு வந்தது.

மறுமொழி 3:
‘எ ஃபேர் அமவுண்ட்’ என்றால் கணிசமான அளவு, மதிப்பெண்ணாக வந்தாலோ வெறும் சுமார் என்கிறார்கள். ‘ஃபேர் இனஃப்’ என்று சொல்லும்போது நம் கருத்தை ஏற்கிறார்களா, பேச்சை முடித்துக்கொள்கிறார்களா என்பது குரலைக் கேட்டால்தான் புரிகிறது. புதிதாக வந்தவருக்கு ஒரு வரி விளக்கம் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

மறுமொழி 4:
கேட்டவரின் கவலைக்கு வருவோம். படிவத்தில் எத்தனை படிநிலைகள் என்பதை நீங்கள் சொல்லவில்லை. ‘எக்ஸலண்ட், குட், ஃபேர், புவர்’ என நான்கு இருந்தால் இது மூன்றாவது. இடையே ‘வெரி குட்’ இருந்தால் நான்காவது. இரண்டிலும் ‘குட்’டுக்குக் கீழே, ‘புவர்’க்கு மேலே. பாராட்டு அன்று, ஆனால் இந்தச் சொல்லை மட்டும் வைத்து வேலை போய்விடும் என்று முடிவு கட்டவும் முடியாது. இன்றே மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி, எந்தப் பணிகளில் குறை கண்டார், ‘குட்’ பெற என்ன செய்ய வேண்டும், பணி உறுதி செய்யப்படுகிறதா அல்லது தகுதிகாண் காலம் நீட்டிக்கப்படுகிறதா என்ற மூன்றையும் கேளுங்கள். நேரில் பதில் சொன்னாலும், அதைச் சுருக்கி எழுதி அவருக்கே அனுப்பி வையுங்கள். பணியாளர் கருத்துக்கென்று படிவத்தில் இடம் இருந்தால், கையெழுத்திடுமுன் நீங்கள் முடித்துக் கொடுத்த வேலைகளை அதில் எழுதுங்கள்.